பழைய ஆர்கேட் ஆட்டங்களுக்கு அனலாக் ஜாய்ஸ்டிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஆர்கேட் பெட்டி கட்டுகிறவர்கள், பழைய பெட்டியைப் பழுது பார்க்கிறவர்கள், மேம் எமுலேட்டரில் (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஆடுகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் புதிதாக ஸ்டிக் வாங்கப் போகிறவர் முதல் ஐந்தாறு கேள்விகளையாவது படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அனலாக் ஜாய்ஸ்டிக் என்பது சாதாரண ஆர்கேட் ஸ்டிக்கிலிருந்து எப்படி வேறு?

சாதாரண ஸ்டிக்குக்கு அடியில் நான்கு மைக்ரோ சுவிட்ச் இருக்கும். தண்டைச் சாய்த்தால் ஒன்றோ இரண்டோ அமுங்கும், அவ்வளவுதான். லேசாகச் சாய்த்தீர்களா, முழுக்கச் சாய்த்தீர்களா என்பது ஆட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

அனலாக் ஸ்டிக் 'எவ்வளவு' என்பதையும் சொல்லும். இடவலத்துக்கு ஒரு சென்சார், மேல்கீழுக்கு ஒரு சென்சார். தண்டு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப இரண்டும் ஒரு மின்னழுத்தத்தைக் கொடுக்கும். அந்த மின்னழுத்தத்தை ஏடிசி என்ற சுற்று எண்ணாக மாற்றும். ஆட்டம் அந்த எண்ணைத்தான் படிக்கிறது.

அப்படியானால் எல்லா ஆட்டத்துக்கும் அனலாக்தானே நல்லது?

இல்லை. பேக்மேன் (1980), டாங்கி காங் (1981) இரண்டும் நான்கு திசை ஆட்டங்கள். கேலகாவுக்கு (1981) இடம், வலம் மட்டும் போதும். ரோபோட்ரானுக்கு இரண்டு எட்டுத் திசை ஸ்டிக்குகள். இவற்றையெல்லாம் அனலாக்கில் ஆடினால் ஆட்டம் கெடும். பேக்மேனில் மூலையில் திரும்ப வேண்டிய அந்த நொடியில், நீளமாகச் சாயும் அனலாக் தண்டு எல்லைக்கோட்டைக் கடப்பதற்குள் பேய் வந்துவிடும். கிளிக் என்று அமுங்கும் சுவிட்ச்சின் தெளிவு அங்கே அனலாக்குக்குக் கிடையாது.

பழைய ஆட்டங்களில் பெரும்பாலானவை சுவிட்ச் ஸ்டிக்குக்கு எழுதப்பட்டவைதான். நீங்கள் ஆடப்போகும் பத்து ஆட்டங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் ஒன்றுகூட அடுத்த கேள்வியில் வரும் வகையைச் சேர்ந்ததாக இல்லையென்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நல்ல எட்டுத் திசை ஸ்டிக் ஒன்று வாங்குங்கள்.

சரி, எந்த ஆட்டங்களுக்கு அனலாக் நிஜமாகவே வேண்டும்?

அட்டாரியின் ரெட் பேரன், ஃபுட் ஃபைட், ஸ்டார் வார்ஸ் (1983), ஐ ரோபோட் (1984), ரோட் ரன்னர் (1985). செகாவின் ஸ்பேஸ் ஹாரியர் (1985), ஆஃப்டர் பர்னர் (1987), தண்டர் பிளேட் (1987). வில்லியம்ஸின் சினிஸ்டார் கொஞ்சம் தனி வகை, அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. ஸ்டார் வார்ஸில் அசலாக இருந்தது ஸ்டிக் அல்ல, விமானத்தில் இருப்பது போன்ற யோக். இடவலம் திருப்ப வேண்டும், கைப்பிடிகளை மேல்கீழ் சாய்க்க வேண்டும். ஆனாலும் நல்ல அனலாக் ஸ்டிக்கில் அதை நன்றாகவே ஆடலாம்.

குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மிஸைல் கமாண்ட் (1980) டிராக்பால் என்ற உருட்டும் பந்தால் ஆடும் ஆட்டம், டெம்பெஸ்ட் (1981) ஸ்பின்னர் என்ற சுழற்றும் குமிழால் ஆடும் ஆட்டம். நுணுக்கமான அசைவு வேண்டும் என்பதால் இவற்றுக்கும் அனலாக் ஸ்டிக் பொருந்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். பொருந்தாது. டிராக்பாலும் ஸ்பின்னரும் 'எவ்வளவு நகர்ந்தேன்' என்று சொல்கின்றன. ஸ்டிக் 'எங்கே இருக்கிறேன்' என்று சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு மொழி.

பேட்டில்ஜோன் அனலாக் இல்லையா?

இல்லை. 1980-இல் வந்த அசல் பெட்டியில் இரண்டு ஸ்டிக்குகள், ஒவ்வொன்றும் முன்னே, பின்னே என இரண்டே திசை, சுவிட்ச்தான். கனமாக இருப்பதால் அனலாக் போலத் தோன்றும்.

சினிஸ்டாரின் '49 திசை' ஸ்டிக் என்றால்? அது அனலாக்கா?

பாதி அனலாக். ஒவ்வோர் அச்சிலும் நடுவையும் சேர்த்து ஏழு நிலைகள்; ஏழு பெருக்கல் ஏழு 49. ஒளியை மறைக்கும் தகடும் ஒளி உணரிகளும் கொண்டு இந்த நிலைகளைப் படிக்கிறார்கள். தேய்கிற பாகம் இல்லை என்பது இதன் பலம், தூசி படிந்தால் தடுமாறும் என்பது பலவீனம். பின்னாளில் என்எஃப்எல் பிளிட்ஸ் போன்ற விளையாட்டு ஆட்டங்களிலும் இந்த வகை வந்தது. உங்களிடம் நல்ல அனலாக் ஸ்டிக் இருந்தால் அதை ஏழு படிகளாக வெட்டி 49 திசையாகப் பாவிக்கலாம். தலைகீழாகச் செய்ய முடியாது. ஏழு படிகளை வைத்துக்கொண்டு ஸ்டார் வார்ஸில் சுடக் குறிபார்க்கும் குறிக்கோட்டை நகர்த்தினால் அது தத்தித் தத்திப் போகும்.

எந்த ஸ்டிக் வாங்குவது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ஆட்டம் ஸ்டிக்கை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதை வைத்து. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் வகை, ஸ்டிக்கின் இடமே திரையில் இடம். ஸ்பேஸ் ஹாரியரில் தண்டை வலது ஓரத்துக்குச் சாய்த்தால் ஆள் வலது ஓரத்துக்குப் போவான், விட்டால் நடுவுக்குத் திரும்புவான். ஸ்டார் வார்ஸின் குறிக்கோடும் இப்படித்தான். இந்த வகைக்கு முழு வீச்சும் சீராக இருக்க வேண்டும். நடுவில் 'எதுவும் நடக்காத பகுதி' இருந்தால் கை உடனே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது, ஸ்டிக்கின் சாய்வு வேகம். லேசாகச் சாய்த்தால் மெதுவாகத் திரும்பும், அழுத்திச் சாய்த்தால் வேகமாகத் திரும்பும். ரெட் பேரன் போன்ற பறக்கும் ஆட்டங்கள் இந்தப் பக்கம் சாய்கின்றன. இங்கே நடு அசையாமல் நிற்க வேண்டும். கையை எடுத்த பிறகும் விமானம் தானாக இடப்பக்கம் ஒதுங்கினால் ஆட்டம் வெறுத்துப்போகும். ஓரங்களில் கொஞ்சம் துல்லியம் குறைந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது, ஸ்டிக்கின் கோணமே திசை. ஃபுட் ஃபைட் ஐஸ்க்ரீமை நோக்கி ஓடிக்கொண்டே சமையல்காரர்கள் மேல் உணவை எறியும் ஆட்டம்; அதில் ஓடுவதும் எறிவதும் எட்டுத் திசைக்குள் அடங்காது, எந்தக் கோணத்திலும் போகலாம். இங்கே இரண்டு அச்சுகளும் ஒரே அளவில் வேலை செய்ய வேண்டும். இடவலம் 100 வரையும் மேல்கீழ் 80 வரையும்தான் போகிறது என்றால், 45 டிகிரி என்று நினைத்து எறிவது 39 டிகிரியில் போகும். ஐஸ்க்ரீம் அருகில் வந்தும், எறிந்தது ஏன் சமையல்காரர் மேல் படவில்லை என்று தலையைச் சொறிவீர்கள்.

விளம்பரத்தில் '12 பிட், 16 பிட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்டார் வார்ஸின் அசல் போர்டு 8 பிட் ஏடிசிதான், அதாவது 256 படிகள். அதில் எவரும் குறை கண்டதில்லை. ஸ்டிக்கின் தரம் நடுவில் தெரியும், எண்ணிக்கையில் அல்ல.

பாட் நல்லதா, ஹால் சென்சார் நல்லதா?

பாட் என்று எல்லோரும் சொல்வது பொட்டென்ஷியோமீட்டர். உள்ளே கரிப்பூச்சு உள்ள தடம், அதன் மேல் உரசும் ஒரு முள். விலை குறைவு, இணைப்பது சுலபம், மூன்றே கம்பி. உரசுவதால் தேயும். அதுவும் நடுவில்தான் அதிகம் தேயும், ஏனென்றால் ஸ்டிக் பெரும்பாலான நேரம் நடுவையொட்டித்தான் அசைந்துகொண்டிருக்கும். நடு முக்கியம் என்று சொன்னேன் அல்லவா, பாட் கெடுவதும் சரியாக அங்கேதான்.

ஹால் சென்சார் காந்தப்புலத்தை அளக்கிறது, உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. புதிய தொழில்நுட்பம் என்று நினைக்க வேண்டாம். ஃபுட் ஃபைட்டுக்கும் ஐ ரோபோட்டுக்கும் அட்டாரி போட்டது ஹால் ஸ்டிக்தான். செகாவின் ட்ரீம்காஸ்ட் கேம்பேடிலும் அதுதான்.

புதிதாகச் செய்வதென்றால் ஹால் போடுங்கள் என்பேன். அசல் பெட்டியைப் பழுது பார்ப்பதென்றால் அதில் என்ன இருந்ததோ அதையே போடுங்கள்.

பாட் எத்தனை கிலோ ஓம் வாங்க வேண்டும்?

மைக்ரோகன்ட்ரோலருடன் (ஸ்டிக்கைப் படித்துக் கணினிக்குச் சொல்லும் சிறு சிப்) இணைப்பதென்றால் 10 கிலோ ஓம். காரணம் உண்டு. ஏடிமெகா போன்ற சிப்புகளின் ஏடிசி, தனக்கு வரும் சிக்னலின் மூலத் தடை 10 கிலோ ஓம் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பாட்டின் முள் நடுவில் நிற்கும்போது மூலத் தடை மொத்தத்தில் கால் பங்கு. 10 கிலோ ஓம் பாட்டுக்கு 2.5 கிலோ ஓம், பிரச்சினை இல்லை. 100 கிலோ ஓம் பாட்டுக்கு 25 கிலோ ஓம். அளவு ஆடத் தொடங்கும், ஓர் அச்சின் மதிப்பு இன்னோர் அச்சில் கசியும்.

முள்ளிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் இரைச்சல் பெருமளவு அடங்கும். போர்டு முனையில் போடுங்கள், பாட் முனையில் அல்ல.

இன்னொன்று, லீனியர் பாட்தான் வாங்க வேண்டும். இப்போது கிடைக்கும் பெரும்பாலான பாட்களில் மதிப்புக்கு முன் 'பி' என்ற எழுத்து இருந்தால் லீனியர், 'ஏ' இருந்தால் ஒலியளவுக்கான லாக் வகை. லாக் பாட் போட்ட ஸ்டிக் ஒரு பக்கம் தூங்கும், மறுபக்கம் பாயும்.

பாட் மாட்டிவிட்டேன். போர்டு படிக்கும் எண் 0 முதல் 1023 வரை வர வேண்டியது 400 முதல் 630 வரைதான் வருகிறது. பாட் கெட்டதா?

பாட்டில் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு. சாதாரண பாட் ஏறக்குறைய 270 டிகிரி சுழலும். உங்கள் ஸ்டிக் இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30, மொத்தம் 60 டிகிரிதான் சாயும். 1023-ஐ 270-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 227. உங்களுக்கு வந்திருப்பது 230. சரியாகத்தான் வேலை செய்கிறது.

227 படி பல பழைய ஆட்டங்களுக்குப் போதும். போதவில்லை என்றால் ஜாய்ஸ்டிக்குக்கென்றே வரும் குறுகிய கோண பாட் வாங்கலாம். அல்லது தண்டின் அச்சில் பெரிய பற்சக்கரமும் பாட்டில் சிறிய பற்சக்கரமும் வைத்து மூன்று, நான்கு மடங்காக்கலாம். ஸ்டார் வார்ஸ் யோக்கில் பற்சக்கரம் வைத்திருப்பது இதற்குத்தான். ஆனால் பற்களுக்கிடையே உள்ள இடைவெளி அப்படியே நடுவில் ஆட்டமாக வந்து சேரும். மலிவான பற்சக்கரம் வைப்பதைவிட 227 படியோடு இருப்பது மேல்.

ஹால் சென்சார் எதை வாங்குவது? எப்படிப் பொருத்துவது?

நான் முதன்முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். 'ஹால் சென்சார்' என்று கேட்டு வாங்கியது 3144 என்ற எண்ணுள்ள சில்லு. மூன்று கால், கறுப்பு உடம்பு, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. பொருத்தி, காந்தத்தை ஒட்டி, தண்டை அசைத்தால் திரையில் 0 அல்லது 1023, நடுவில் ஒன்றுமே இல்லை. கம்பியை மாற்றினேன், காந்தத்தைத் திருப்பினேன், ஒரு மாலைப்பொழுது போயிற்று. 3144 என்பது சுவிட்ச் வகை. காந்தம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். நமக்கு வேண்டியது லீனியர் வகை, 49ஈ குடும்பம் போல. காந்தம் இல்லாதபோது அது மின்சப்ளையில் சரிபாதி வோல்ட்டைக் கொடுக்கும். ஒரு முனை நெருங்கினால் ஏறும், மறுமுனை நெருங்கினால் இறங்கும். வாங்கியதும் மல்டிமீட்டரில் இந்தச் சரிபாதியைப் பார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

பொருத்துவதில் பலரும் காந்தத்தைத் தண்டின் அடியில் ஒட்டி, அது சென்சாரை நெருங்கி விலகும்படி வைப்பார்கள். வேலை செய்யும், ஆனால் சீராக இருக்காது. தூரம் கூடக் கூடக் காந்தப்புலம் மிக வேகமாகக் குறைவதால், அருகில் இருக்கும்போது பாய்ச்சல், தள்ளியிருக்கும்போது மந்தம். இதைவிட நல்ல வழி, ஒவ்வோர் அச்சின் முனையிலும் காந்தத்தை வைத்து அதைச் சுழலவிடுவது. நடுநிலையில் காந்தப்புலத்தின் கோடு சென்சாரின் முகத்துக்கு இணையாக ஓட வேண்டும். அப்போது சென்சார் பூஜ்யத்தைப் படிக்கும், நடு தானாகச் சரிபாதியில் உட்காரும். சுழலும்போது வெளியீடு சைன் வளைவாக மாறும். 25 டிகிரி வரை சைன் வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் மூன்று சதவீத வித்தியாசம்தான், கைக்குத் தெரியாது.

அருகில் இரும்புத் திருகு வைக்காதீர்கள், பித்தளையோ பிளாஸ்டிக்கோ போடுங்கள். சென்சாருக்கும் ஏடிசிக்கும் ஒரே சப்ளை கொடுங்கள். சப்ளை லேசாக ஏறி இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் எண் மாறாது. 3.3 வோல்ட் போர்டு என்றால் சென்சாருக்கும் 3.3 வோல்ட்தான். 49ஈ-க்கு அது போதும். 5 வோல்ட் கொடுத்தால் சிப்பின் கால் கருகலாம்.

ஏஎஸ்5600 போன்ற கோண சென்சார் போடலாமா?

தாராளமாக. 12 பிட், சீரான அளவு. இரண்டு சங்கதி கவனிக்க வேண்டும். ஒன்று, விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றிய வட்டக் காந்தம் வேண்டும். மேல் ஒரு முனை, கீழ் ஒரு முனை என்று வரும் சாதாரண வட்டக் காந்தம் உதவாது. இரண்டு, எல்லா ஏஎஸ்5600-க்கும் ஒரே முகவரி என்பதால் இரண்டை ஒரே ஐ2சி தடத்தில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பித் தடம்) மாட்ட முடியாது. ஒன்றைத் தனித் தடத்தில் போடுங்கள், அல்லது அதன் அனலாக் வெளியீட்டுக் காலைப் பயன்படுத்துங்கள்.

ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்?

இதற்கு எண்ணாகப் பதில் சொல்ல முடியாது, ஒரு சோதனை சொல்கிறேன். தண்டை வலது பக்கம் சாய்த்து மெதுவாக விடுங்கள், வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை செய்யுங்கள். அப்புறம் இடது பக்கம் சாய்த்து விட்டுப் பத்து முறை. வலமிருந்து திரும்பும்போது 519, 521, 520 என்றும், இடமிருந்து திரும்பும்போது 505, 506, 505 என்றும் வந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள 15 படிதான் உங்கள் ஸ்டிக்கின் நடு. அந்த இடைவெளிக்குள் எங்கே நின்றாலும் ஸ்பிரிங் அதை இழுக்கவில்லை, உராய்வு ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

இடைவெளி பெரிதாக இருந்தால் உடனே கெட்டியான ஸ்பிரிங்கைத் தேடிப் போகாதீர்கள். முதலில் உராய்வைக் குறையுங்கள். அச்சின் துளை இறுக்கமா, தண்டு எங்காவது உரசுகிறதா, தூசி இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டி ஸ்பிரிங் போட்டால் நடு சரியாகும், ஆனால் பத்து நிமிட ஆட்டத்தில் மணிக்கட்டு வலிக்கும். ஸ்பேஸ் ஹாரியர் மாதிரி தண்டைத் தொடர்ந்து ஓரத்திலேயே பிடித்திருக்க வேண்டிய ஆட்டத்துக்கு அது தண்டனை.

தண்டைச் சுற்றி ஒரே ஸ்பிரிங் வைத்த அமைப்பில் எல்லாத் திசையிலும் ஒரே இழுப்பு இருக்கும். ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி ஸ்பிரிங் வைத்த அமைப்பில் இடவலமும் மேல்கீழும் தனித்தனியாக நடுவைப் பிடிக்கும், ஆனால் அச்சைக் கடக்கும்போதெல்லாம் கையில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். விமான ஆட்டக்காரர்கள் அதை விரும்புவார்கள். ஃபுட் ஃபைட்டில் வட்டமாகச் சுழற்றுகிறவருக்கு அது எரிச்சல்.

கேட் வட்டமா, சதுரமா?

கேட் என்பது தண்டு எதுவரை போகலாம் என்று தடுக்கும் வளையம். வட்ட கேட்டில் குறுக்குத் திசையில் முழுக்கச் சாய்த்தால் ஒவ்வோர் அச்சுக்கும் 71 சதவீதம்தான் கிடைக்கும். சதுர கேட்டில் இரண்டும் 100. திரையின் மூலைக்குப் போக வேண்டிய முதல் வகை ஆட்டங்களுக்கு வட்ட கேட் இருந்தால் மூலை எட்டாது. கோணத்தை மட்டும் படிக்கும் ஆட்டங்களுக்கு வட்டம் இதம், கை மூலையில் போய்ச் சிக்காது. இரண்டையும் ஆடுகிறவர் வட்டம் வைத்துக்கொண்டு, மூலை எட்டாத ஆட்டங்களுக்கு மட்டும் எமுலேட்டரில் சாச்சுரேஷனை (எவ்வளவு சாய்த்தால் முழுச் சாய்வு என்று கொள்ளும் அளவு) குறைத்துக்கொள்ளலாம்.

டெட்ஸோன் (நடுவில் எதுவும் நடக்காத பகுதி) எவ்வளவு வைப்பது?

மேலே சொன்ன ஸ்பிரிங் சோதனையில் வந்த இடைவெளி எவ்வளவோ, அதைவிட ஒரு துளி கூட. அதற்கு மேல் வைப்பது ஸ்டிக்கின் நோயை மறைப்பது. ஸ்டிக்கின் இடமே திரையில் இடமாக இருக்கும் ஆட்டங்களுக்கு முடிந்தால் பூஜ்யம்.

டெட்ஸோனின் வடிவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியாக வெட்டினால் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு செத்த பகுதி உருவாகும். மெதுவாகக் குறுக்கே நகர்த்தும்போது அசைவு நேர்கோட்டில் ஒட்டிக்கொண்டு பிறகு திடீரென்று விடுபடும். ஃபர்ம்வேரை (போர்டுக்குள் ஓடும் நிரல்) நீங்களே எழுதுவதென்றால் நடுவிலிருந்து உள்ள மொத்தத் தூரத்தைக் கணக்கிட்டு வட்டமாக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பிலிருந்து பூஜ்யம் தொடங்கும்படி மீதியை நீட்டுங்கள். இல்லையென்றால் டெட்ஸோனைத் தாண்டியதும் ஒரு குதி குதிக்கும்.

தண்டு எவ்வளவு நீளம்?

20 டிகிரி சாயும் ஸ்டிக்கில், சுழலும் புள்ளிக்கு மேலே 60 மி.மீ. உயரத்தில் பிடித்தால் கை 20 மி.மீ. நகரும். 100 மி.மீ. உயரத்தில் பிடித்தால் 34 மி.மீ. நீளம் கூடினால் நுணுக்கம் கூடும், வேகம் குறையும். விரல்களால் பிடிக்கும் ஸ்டிக்குக்கு முதலாவது, முழங்கையை அசைத்துப் பிடிக்கும் விமானக் கைப்பிடிக்கு இரண்டாவது. நீளத்தைக் கூட்டினால் ஸ்பிரிங் தானாகவே மெத்தென்று தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த போர்டு? ராஸ்பெரி பையில் நேரடியாக மாட்டலாமா?

லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பை போர்டுகளில் ஏடிசி கிடையாது. அனலாக் சிக்னலை நேராக மாட்டிவிட்டு வரவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். அதன் தம்பி பைக்கோவில் ஏடிசி உண்டு. ஏடிமெகா32யு4 சிப் உள்ள ஆர்டுயினோ லியோனார்டோ வகை போர்டுகளிலும் உண்டு. இரண்டுமே கணினிக்கு யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் போலத் தங்களைக் காட்டிக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். அவற்றை ராஸ்பெரி பையின் யுஎஸ்பியில் செருகிக்கொள்ளுங்கள்.

எண் நடுங்குகிறது. சராசரி எடுத்து நிறுத்தலாமா?

அளவாக. ஒரு மில்லி விநாடிக்கு ஒரு முறை படித்து, எட்டுப் படிப்புகளின் சராசரி எடுத்தால் தாமதம் 3.5 மில்லி விநாடி, தெரியாது. 64-இன் சராசரி எடுத்தால் எண் பாறை போல நிற்கும், தாமதம் 31 மில்லி விநாடியைத் தாண்டும். 60 பிரேம் ஆட்டத்தில் அது ஏறக்குறைய இரண்டு பிரேம். ஆஃப்டர் பர்னரில் ஏவுகணையிலிருந்து விலகுவதற்கு அந்த இரண்டு பிரேமும் வேண்டும்.

மேம் எமுலேட்டரில் என்னென்ன மாற்ற வேண்டும்?

முதலில் டெட்ஸோனையும் சாச்சுரேஷனையும் பாருங்கள். விண்டோஸிலும் ஒரு அளவுத்திருத்தம் இருக்கும், உங்கள் ஃபர்ம்வேரிலும் ஒன்று இருக்கும். மூன்று இடத்திலும் டெட்ஸோன் வைத்துவிட்டு ஸ்டிக் மந்தமாக இருக்கிறது என்பார்கள். ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள்.

பிறகு ஆட்டத்துக்குள் போய் அனலாக் கன்ட்ரோல்ஸ் மெனுவில் சென்சிடிவிட்டியைப் பாருங்கள். தண்டு பாதி போவதற்குள் குறிக்கோடு ஓரத்தைத் தொட்டுவிட்டால் இதைக் குறைக்க வேண்டும். அதே மெனுவில் உள்ள வேகம், நடுவுக்குத் திரும்பும் வேகம் இரண்டும் விசைப்பலகைக்காரர்களுக்கானவை.

அனலாக் ஸ்டிக்கில் நான்கு திசை ஆட்டம் ஆடத்தான் வேண்டும் என்றால், ஸ்டிக்கின் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து எந்தக் கட்டம் எந்தத் திசை என்று சொல்லும் ஜாய்ஸ்டிக் மேப் வசதி மேமில் இருக்கிறது. அல்டிமார்க்கின் அல்ட்ராஸ்டிக் 360 இதே வேலையை ஸ்டிக்குக்குள்ளேயே செய்கிறது. நான்கு, எட்டு, 49, அனலாக் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் ஒரே ஒரு ஸ்டிக்குக்குத்தான் இடம் என்றால் அது நியாயமான சமரசம். பேக்மேனுக்கு நான் இன்னும் சுவிட்ச்தான்.

கேம்பேடிலிருந்து எடுத்த தம்ப்ஸ்டிக்கில் நீளத் தண்டு ஒட்டலாமா?

கட்டைவிரலின் விசைக்குச் செய்த பொருள் அது. உள்ளங்கை விசையில் ஒரு வாரம் தாங்கினால் அதிசயம்.

பழைய கணினியின் 15 பின் ஜாய்ஸ்டிக் ஒன்று இருக்கிறது. பயன்படுமா?

நன்றாகவே பயன்படும். ஸ்பிரிங்கும் அச்சும் அந்தக் காலத்துப் பொருள்களில் பல நேரம் அருமையாக இருக்கும். ஆனால் மின்னிணைப்பு வேறு. கேம் போர்ட் மின்னழுத்தத்தை அளக்கவில்லை. 100 கிலோ ஓம் பாட்டின் வழியே ஒரு கெப்பாசிட்டர் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அளந்தது, அதிகபட்சம் ஏறக்குறைய 1.1 மில்லி விநாடி. அதற்கு பாட்டின் இரண்டு கால்களே போதும் என்பதால் மூன்றாவது கால் பெரும்பாலும் வெறுமனே இருக்கும். பெட்டியைத் திறந்து அந்த மூன்றாவது காலைக் கிரவுண்டில் இணைத்தால் சாதாரண மின்னழுத்தப் பகிர்வாகிவிடும். 100 கிலோ ஓம் அதிகம் என்று முன்பே சொன்னேன். முள்ளில் ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் சமாளிக்கும், 10 கிலோ ஓம் பாட் மாற்றினால் நிம்மதி.

அசல் பெட்டியில் பாட் மாற்றுகிறேன். கவனிக்க வேண்டியது?

பாட்டின் மதிப்பு, அதன் தண்டின் தடிமன், சுழலும் கோணம் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்டார் வார்ஸ் யோக்கில் இருப்பது 5 கிலோ ஓம். கழற்றும் முன் கம்பிகளின் வரிசையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்துக் கம்பிகள் இரண்டும் இடம் மாறினால் திசை தலைகீழாகும், அவ்வளவுதான். ஆனால் நடுக் கம்பி ஓரத்துக்குப் போனால் தண்டை ஓர் ஓரத்துக்குச் சாய்க்கும்போது சப்ளை நேராகக் கிரவுண்டைத் தொடும், புதிய பாட் புகைந்துவிடும். தண்டு நடுவில் இருக்கும்போது பாட்டும் தன் நடுவில் இருக்கும்படி வைத்து இறுக்குங்கள்.

ஸ்டிக் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விடலாமா?

தண்டு சுழலும் இடத்தில் பிளாஸ்டிக்கைத் தின்னாத சிலிக்கோன் கிரீஸ், ஒரு பருக்கை அளவு. பாட்டுக்குள் எண்ணெய் போகவே கூடாது. அதற்குக் கான்டாக்ட் கிளீனர் இருக்கிறது. ஒரு முறை தெளித்து, தண்டை ஐம்பது முறை ஓரத்துக்கு ஓரம் ஆட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். அதற்கும் அடங்காமல் எண் குதித்தால் அந்தத் தடம் தேய்ந்துவிட்டது, பாட்டை மாற்ற வேண்டியதுதான்.